கலயத்தில் தடவும் சுண்ணாம்பு: அரசாங்கம் எதுவரை வரலாம்?

தேரிக்காட்டான் · சனி, காலை 6.10

திசையன்விளைக்குத் தெற்கே எங்களுக்கு ஒரு விளை இருக்கிறது. அறுபது பனை நிற்கும். அதில் ஏறுவது 22 மட்டும்தான். அதுவும் பக்கத்து ஊர் அண்ணாச்சி ஒருவர் இன்னும் அரிவாள்பெட்டியை இடுப்பில் கட்டிக்கொண்டு வருவதால். அவருக்கு 61 வயது. மகன் மும்பையில் கடையில் நிற்கிறான், மரத்தை அண்ணாந்துகூடப் பார்க்க மாட்டான்.

நேற்று விடிலி (கருப்பட்டி காய்ச்சுகிற குடிசை) வாசலில் உட்கார்ந்து அவர் கலயத்துக்குச் சுண்ணாம்பு தடவுவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டு விரலால் வழித்து உள்பக்கம் ஒரே சுற்று. ஐந்து நொடி வேலை. அந்தச் சுற்று விழுந்தால் மறுநாள் காலையில் இறங்குவது பதநீர். விழாவிட்டால் வெயில் ஏறுவதற்குள் நுரைத்துக் கள்ளாகிவிடும். பதநீருக்கு உரிமம், கள்ளுக்கு வழக்கு. மரம் அதேதான், பாளை அதேதான், நெஞ்சில் இருக்கிற காய்ப்பும் அதேதான்.

1987இல் கள்ளுக்கடைகளை மூடினார்கள். 2003இலிருந்து சாராய பாட்டிலைச் சில்லறையில் விற்கும் உரிமையை அரசாங்கமே வைத்துக்கொண்டது. 2023-24இல் அதில் வந்த வருமானம் 45,000 கோடிக்கு மேல். ஆக, குடி கெட்டது என்பதல்ல சட்டம். எவன் விற்கிறான் என்பதுதான் சட்டம். அப்புறம் 2021இல் இன்னொன்று வந்தது: பனையை வெட்டவும் கலெக்டர் அனுமதி வேண்டும். என் தாத்தா பட்டாவில் நிற்கிற மரத்தில் எனக்குப் பிடித்ததை இறக்கவும் முடியாது, வேண்டாமென்று வெட்டவும் முடியாது.

சுதந்திரச் சந்தை, வரையறுத்த அரசு என்று பேசினாலே பெரிய முதலாளிக்கு வக்காலத்து என்று நினைத்துக்கொள்கிறோம். என் கணக்கு வேறு. பெரிய முதலாளிக்கு லைசென்ஸ் ஒரு செலவு, ஆள் வைத்து வாங்கிவிடுவான். லைசென்ஸ் யாருக்குச் சுவர்? மரத்தில் ஏறுகிறவனுக்கு, தள்ளுவண்டிக்காரனுக்கு, வீட்டில் ஊறுகாய் போடுகிற அக்காவுக்கு. 1850இல் பாஸ்தியா என்கிற பிரெஞ்சுக்காரர் ஒன்று சொன்னார்: ஒரு சட்டத்தால் கண்ணுக்குத் தெரிவதை மட்டும் பார்க்காதே, தெரியாமல் போனதையும் கணக்கில் எடு. அரசின் 45,000 கோடி தெரிகிறது. மும்பைக்குப் போன பனையேறி மகன் எந்தக் கணக்கில் வருகிறான்?

சொல்லுங்கள், எங்கே தப்பு?

குறுக்குத்துறை · சனி, காலை 7.25

தப்பே இல்லை அண்ணாச்சி. ஆனால் பாதியில் நின்றுவிட்டீர்கள். ரேஷன், பஸ், பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி எல்லாத்தையும் தனியாரிடம் விட்டுவிட வேண்டும். வரி என்பதே கத்தியைக் காட்டி வாங்குவதுதான். காவல், நீதிமன்றம், ராணுவம், இந்த மூன்று போதும்.

மட்டைமாவு · சனி, காலை 7.31

ஆக மொத்தம் கள்ளுக்கடை வேணும், அதானே?

பிசானம் · சனி, காலை 8.02

குறுக்குத்துறை தம்பி, நீ படித்தது அரசு பொறியியல் கல்லூரி என்று போன வாரம் நீயேதான் எழுதியிருந்தாய். கத்தியைக் காட்டி வாங்கிய காசில்தான் உன் செமஸ்டர் ஃபீஸ் குறைந்தது. சும்மா சொல்லி வைத்தேன்.

குறுக்குத்துறை · சனி, காலை 8.10

என் அப்பாவிடமும் வாங்கிய வரிதானே மாமா அது.

ஓய்வு வாத்தியார் · சனி, காலை 9.40

பாளையங்கோட்டையில் 31 வருஷம் பொருளாதாரம் நடத்தியவன் என்ற உரிமையில் கொஞ்சம் நீட்டமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

இந்த வாதம் நம் பக்கத்துக்குப் புதிதல்ல. 'லைசென்ஸ்-பர்மிட்-கோட்டா ராஜ்யம்' என்று பெயர் வைத்தவர் ராஜாஜி. கூட்டுப் பண்ணை விவசாயம் என்று காங்கிரஸ் நாகபுரியில் தீர்மானம் போட்டதும் 1959இல் சுதந்திராக் கட்சியைத் தொடங்கினார். 1967 தேர்தலில் தமிழ்நாட்டில் அந்தக் கட்சிக்கு 6 எம்.பி. கிடைத்தார்கள். அதில் ஒன்று திருநெல்வேலித் தொகுதி! நட்சத்திரச் சின்னம் வரைந்த சுவர்கள் எங்கள் தெருவில் ரொம்ப நாள் இருந்தன. (ஜெயித்தது கொள்கையா, தி.மு.க. கூட்டணியா என்று கேட்டால், கூட்டணிதான். வாத்தியார் பொய் சொல்லக் கூடாது.)

ஆனால் தேரிக்காட்டான் தம்பிக்கு ஒரு சங்கடம் வைத்திருக்கிறேன். 1937இல் சேலத்தில் மதுவிலக்கைக் கொண்டுவந்ததும் அதே ராஜாஜிதான். நீங்கள் திட்டுகிற அந்தச் சட்டம் அவர் கையால் வந்தது. மது வருமானம் போன பள்ளத்தை நிரப்ப 1939இல் விற்பனை வரி கொண்டுவந்ததும் அவரே. இன்று கட்டுகிற ஜி.எஸ்.டி.க்கு அது பாட்டன் மாதிரி. 1952இல் முதலமைச்சராக வந்து, யுத்த காலத்திலிருந்து இருந்த தானியக் கட்டுப்பாட்டை எடுத்து அரிசியைச் சந்தைக்கு விட்டதும் அவர்தான். 1971இல் மதுவிலக்கைத் தளர்த்தப் போகிறார்கள் என்றதும் 92 வயதில் மழையோடு மழையாகக் கருணாநிதி வீட்டுக்குப் போய் 'வேண்டாம்' என்று கேட்டுக்கொண்டதும் அவரே. அரிசியில் அரசாங்கம் தலையிடக் கூடாது, கலயத்தில் தலையிடலாம். இது முரண்பாடா? அவருக்கு அப்படித் தோன்றவில்லை. மனிதன் தன்னைத்தானே கெடுத்துக்கொள்ள அரசு விடலாமா என்பது தனிக் கேள்வி. சந்தையை ஆதரிக்கிற பலரும் இந்தக் கேள்வி வந்ததும் இரண்டாகப் பிரிந்துவிடுவார்கள்.

லைசென்ஸ் காலம் எப்படி இருந்தது என்று இப்போதுள்ள பிள்ளைகளுக்குத் தெரியாது. நான் ஸ்கூட்டருக்குப் பணம் கட்டிப் பதிவு செய்தபோது எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. வண்டி வந்தபோது மகளை முன்னால் நிறுத்திக்கொண்டு ஓட்டினேன். கம்பெனிக்குத் தயாரிக்கத் தெரியாமல் இல்லை, இத்தனைதான் தயாரிக்கலாம் என்று டெல்லியில் எழுதி வைத்திருந்தார்கள். 1991 ஜூலையில்தான் பெரும்பாலான தொழில்களுக்கு அந்த உரிமம் ஒழிந்தது. 1955இலேயே இரண்டாம் ஐந்தாண்டுத் திட்டத்தைப் பற்றிக் கருத்துக் கேட்கப்பட்ட பொருளாதாரக் குழுவில் ஒரே ஒருவர் மறுப்பு எழுதினார், பி.ஆர். ஷெனாய். யாரும் காதில் வாங்கவில்லை.

முக்கூடல்காரி · சனி, காலை 11.15

வாத்தியார் ஐயா, வணக்கம். அண்ணன் சொல்கிற பனையில் எனக்கு ஒரு தகராறும் இல்லை. ஆனால் எல்லாத் தொழிலும் பனை இல்லை.

எங்கள் அம்மா முப்பது வருஷம் பீடி சுற்றினாள். சுளவை (முறம்) மடியில் வைத்து உட்கார்ந்தால் ஆயிரம் முடிகிறவரை எழுந்திருக்க மாட்டாள். கடையில் எடை போட்டுக் கொடுக்கிற இலையில் ஆயிரம் வராது. பூச்சி அரித்தது, ஓட்டை, பழுப்பு எல்லாம் கழித்தால் எண்ணூற்றுச் சொச்சம். மிச்சத்துக்கு இலையைக் காசு கொடுத்து வாங்கிச் சேர்ப்பாள். சாயங்காலம் கொண்டுபோனால் கணக்குப்பிள்ளை கட்டைப் பிரித்து ஒரு கை அள்ளிக் கழிவு என்று ஒதுக்குவார். ஒதுக்கியதைத் திருப்பித் தருவார் என்று நினைக்கிறீர்களா? கடையிலேயே இருக்கும். 'பிடிக்காவிட்டால் வேறு கடைக்குப் போ' என்பார். போகலாம். சுதந்திரம்தான். அந்தக் கடையிலும் அதே கூலி, அதே கழிவு.

ஒப்பந்தச் சுதந்திரம் என்று நீங்கள் சொல்வது இரண்டு பக்கமும் 'மாட்டேன்' என்று சொல்லிவிட்டு அடுத்த நாள் சோறு தின்ன முடிந்தால்தான் சுதந்திரம். 1966இல் பீடி, சுருட்டுத் தொழிலாளர் சட்டம் வந்தது. அப்புறம் பி.எஃப். அம்மாவின் பி.எஃப். பணத்தில்தான் நான் பி.காம். படித்தேன். அந்தச் சட்டத்தை எழுதிய அரசாங்கத்தை 'எல்லை மீறிவிட்டது' என்று என்னால் சொல்ல முடியாது.

குறுக்குத்துறை · சனி, காலை 11.32

சட்டம் இல்லாமலிருந்தாலும் போட்டி வந்திருந்தால் கூலி தானாக ஏறியிருக்கும் அக்கா.

முக்கூடல்காரி · சனி, காலை 11.34

'வந்திருந்தால்' என்பதை வைத்து உலை கொதிக்காது தம்பி.

தேரிக்காட்டான் · சனி, பகல் 1.50

தங்கச்சி சொன்னதை இரண்டு தடவை படித்தேன். ஒரு கேள்வி, தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம். பாஸ்புக் (கடையில் பெயர் பதிந்து கொடுக்கிற புத்தகம்) இல்லாமல் சுற்றியவர்கள் உங்கள் தெருவில் இருந்தார்களா?

முக்கூடல்காரி · சனி, பகல் 2.20

இருந்தார்கள். அம்மாவே முதல் ஏழு வருஷம் பெரியம்மா பாஸ்புக்கில்தான் சுற்றினாள். பாஸ்புக் கொடுத்தால் பி.எஃப். கட்ட வேண்டும் என்று கடைக்காரர் புதுப் பெயர் சேர்க்கவில்லை. நீங்கள் எங்கே வருகிறீர்கள் என்று தெரிகிறது. சட்டம் வந்ததால்தான் உள்ளே, வெளியே என்று பிரிந்தது என்பீர்கள். கோடு கிழித்தது கடைக்காரர் அண்ணா, சட்டமில்லை.

தேரிக்காட்டான் · சனி, பகல் 2.45

கோடு கிழித்தது கடைக்காரர்தான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் எந்தச் சட்டம் போட்டாலும் அவர் எங்கே கோடு கிழிப்பார் என்று முன்கூட்டியே யோசிக்க வேண்டாமா? அதைத்தான் கேட்கிறேன்.

இன்னொன்று. அந்த இலை எங்கிருந்து வருகிறது? மத்தியப் பிரதேசம், ஒடிசா பக்கத்துக் காட்டிலிருந்து. மத்தியப் பிரதேசத்தில் 1964இலிருந்து பீடி இலை வியாபாரம் அரசாங்கத்தின் ஏகபோகம். காட்டில் பறிக்கிற பழங்குடிப் பெண் தன் இஷ்டத்துக்கு நல்ல விலை தருகிறவனிடம் விற்க முடியாது, அரசு சொன்ன இடத்தில் அரசு சொன்ன விலைக்குக் கொடுக்க வேண்டும். இடைத்தரகர்களிடமிருந்து அவளைக் காப்பாற்றத்தான் கொண்டுவந்தார்கள். இப்போது அவளுக்கு ஒரே ஒரு கடைதான், அது அரசாங்கம். உங்கள் அம்மாவுக்கு எல்லாக் கடையும் ஒரே கடை மாதிரி இருந்தது. அங்கே சட்டப்படியே ஒரே கடை. 'வேறு கடைக்குப் போ' என்றுகூட யாரும் சொல்ல முடியாது.

முக்கூடல்காரி · சனி, பகல் 3.05

இது எனக்குத் தெரியாது. சரி, இந்தப் பாயின்ட் உங்களுக்கு.

எலுமிச்சைக்கடை · சனி, மாலை 5.30

புளியங்குடியில் கமிஷன் கடை. பெரிய புத்தகம் எதுவும் படித்ததில்லை, வாத்தியார் ஐயா சொல்வதைக் கேட்டுக்கொண்டு இருந்தேன். எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

காலையில் மூட்டை வந்து இறங்கும். ஏலம் ஆரம்பிக்கும்போது எந்த விவசாயிக்கும் கேரளாவில் வெயில் எப்படி என்று தெரியாது. எனக்கும் முழுசாகத் தெரியாது. கோட்டயத்திலிருந்து வாங்குகிறவர் ஐந்து ரூபாய் கூடக் கேட்டால், அங்கே வெயில் கொளுத்துகிறதோ, கல்யாண சீசனோ, எங்கேயோ வரத்து குறைந்ததோ, ஏதோ ஒன்று. காரணம் யாருக்கும் வேண்டாம். அந்த ஐந்து ரூபாய் போதும். மறுநாள், இன்னும் நாலு நாள் மரத்தில் கிடக்கட்டும் என்று விட்டிருந்த காயையும் பறித்துக்கொண்டு வந்துவிடுவார்கள். ஒரு தடவை விலை எகிறியபோது, இந்த விலைக்கு மேல் விற்கக் கூடாது என்று வாய்மொழியாக ஒரு நெருக்கடி வந்தது. யாரிடமிருந்து என்று வேண்டாம். இரண்டே நாள். வரத்து நின்றுவிட்டது. வெளியூர்ச் சந்தைக்கு வண்டியைத் திருப்பிவிட்டார்கள்.

ஓய்வு வாத்தியார் · சனி, மாலை 6.15

பெரிய புத்தகம் படிக்கவில்லை என்றவர் பெரிய புத்தகத்தைச் சொல்லிவிட்டார். ஹாயெக் என்கிற பொருளாதார அறிஞர் 1945இல் எழுதிய கட்டுரையின் சாரம் இதுதான். அவர் சொன்ன உதாரணம் வெள்ளீயம். உலகத்தில் எங்கோ வெள்ளீயத்துக்குப் புதுத் தேவை வந்தது என்று தெரியாமலே எல்லாரும் வெள்ளீயத்தைச் சிக்கனமாகப் பயன்படுத்த ஆரம்பிக்கிறார்கள், விலை சொல்லிவிடுகிறது. எந்தத் திட்டக் கமிஷனுக்கும் அத்தனை சேதியும் ஒரு மேஜைக்கு வந்து சேராது.

இதற்குக் கண் முன்னால் சாட்சி கேரளக் கடற்கரை. 1997க்கு அப்புறம் அங்கே ஒவ்வொரு பகுதியாக செல்போன் வந்தது. அதற்கு முன் ஒரு கரையில் மத்தி மீன் விற்காமல் கடலில் கொட்டுவார்கள், கொஞ்சம் தள்ளி அடுத்த கரையில் மீன் இல்லாமல் ஆட்கள் திரும்பிப் போவார்கள். போன் வந்ததும் கடலிலிருந்தே எந்தக் கரையில் என்ன விலை என்று கேட்டுவிட்டுப் படகைத் திருப்பினார்கள். வீணாவது நின்றது, மீனவருக்கு லாபம் கூடியது, வாங்குகிறவருக்கு விலையும் குறைந்தது. ராபர்ட் ஜென்சன் என்பவர் 2007இல் இதைக் கணக்குப் போட்டு எழுதினார். எந்த அதிகாரியும் மத்திக்கு உத்தரவு போடவில்லை.

பிசானம் · சனி, இரவு 8.40

மத்தியும் எலுமிச்சையும் சரி. தண்ணீருக்கு வாருங்கள்.

நமக்கு நிலம் அம்பாசமுத்திரம் பக்கம். தாமிரபரணியில் எட்டு அணைக்கட்டு, அதில் ஏழு வெள்ளைக்காரன் வருவதற்கு முன்னாலேயே கட்டியது. கடைசியில் ஸ்ரீவைகுண்டம் மட்டும்தான் அவன் கட்டியது. ஆற்றுத் தண்ணீரை விலைக்கு விட்டால் என்ன ஆகும்? வாழை போட்டவன் நெல் போட்டவனை விட அதிகம் கொடுப்பான். வாழைக்காரனை விட கம்பெனி அதிகம் கொடுக்கும். தலைமடைக்காரன் விற்றுவிட்டு ஊருக்குள் வீடு கட்டுவான். கடைமடைக்காரன் வாயைத் திறந்துகொண்டு வானத்தைப் பார்ப்பான்.

அதே சமயம் அரசாங்கம் பார்த்துக்கொள்ளும் என்றும் என்னால் சொல்ல முடியாது. கார் சாகுபடிக்கு ஜூனில் திறக்க வேண்டிய தண்ணீரை எப்போது திறப்பார்கள் என்று பாபநாசம் அணையின் அடியைப் பேப்பரில் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருக்கிறோம். நாற்றுப் பாவவா, வேண்டாமா என்று சொல்ல ஆள் இல்லை.

எங்கள் மடையில் நிலைமையைக் காப்பாற்றி வந்தது இரண்டும் இல்லை. நீர்ப்பாய்ச்சி என்று ஒருவர் இருந்தார். யார் வயலுக்கு எத்தனை நேரம் என்று அவர்தான் முடிவு செய்வார். எங்கள் தாத்தா பெரிய சம்சாரி, அவர் ராத்திரியில் மடையைத் திறந்துவிட்டார் என்று மறுநாள் கோயில் திண்ணையில் வைத்துக் கேட்டுவிட்டார் நீர்ப்பாய்ச்சி. கூலி களத்தில் நெல்லாக, கோட்டைக் கணக்குக்கு இத்தனை மரக்கால் என்று எல்லாரும் அளப்பார்கள். அரசாங்க சம்பளம் இல்லை, சந்தை விலையும் இல்லை. இதற்கு உங்கள் புத்தகத்தில் என்ன பெயர்?

ஓய்வு வாத்தியார் · சனி, இரவு 9.20

பெயர் இருக்கிறது. எலினார் ஆஸ்ட்ரம் என்ற அம்மையார் இதைத்தான் ஆயுள் முழுக்கப் படித்தார், 2009இல் நோபல் கொடுத்தார்கள். பொதுச்சொத்து என்றாலே ஒன்று தனியாருக்கு விடு, இல்லாவிட்டால் அரசு எடு என்கிற இரண்டு வழியை அவர் ஏற்கவில்லை. பயன்படுத்துகிறவர்களே விதி போட்டு, கண்காணித்து, மீறினால் தண்டித்து நூற்றாண்டுக் கணக்கில் நடத்திய ஊர்களைக் காட்டினார்.

தேரிக்காட்டான் · சனி, இரவு 10.05

அப்படியானால் நீர்ப்பாய்ச்சி என் கட்சிதான் மாமா! அரசு வேண்டாம் என்றால் ஆளாளுக்குத் தனி என்று அர்த்தமில்லை. மகமையை எடுத்துக்கொள்ளுங்கள். வியாபாரிகள் மூட்டைக்கு இத்தனை காசு என்று தாங்களே எடுத்து வைத்து, வண்டியும் சரக்கும் தங்குகிற பேட்டை கட்டினார்கள், கிணறு வெட்டினார்கள், பள்ளிக்கூடம் நடத்தினார்கள். எந்த அரசாங்கம் வந்து வரி போட்டது? 1921இல் தூத்துக்குடியில் நாடார் வங்கி தொடங்கியதும் அந்தக் கூட்டுறவின் தொடர்ச்சிதான். இன்று அதன் பெயர் தமிழ்நாடு மெர்க்கன்டைல் வங்கி.

முக்கூடல்காரி · சனி, இரவு 10.30

மகமை கொடுக்க மாட்டேன் என்று சொல்லியிருந்தால்?

தேரிக்காட்டான் · சனி, இரவு 10.48

தாத்தா சொன்னதைச் சொல்கிறேன். ஒருவர் கொடுக்கவில்லை. அவர் வீட்டுக் கல்யாணத்துக்கு யாரும் போகவில்லை. பந்தலில் இலை போட்டு வைத்திருந்தார்களாம், ஈ மொய்த்ததாம். அடுத்த மாதம் பாக்கியோடு கொடுத்துவிட்டார்.

முக்கூடல்காரி · சனி, இரவு 10.55

கத்தி இல்லை, இலைதான். ஆனால் வரிதான் அண்ணா அது. அந்தப் பேட்டையில் இறங்க முடியாத சாதிக்காரர்களுக்கு எந்த மகமை பள்ளிக்கூடம் கட்டியது? அவர்களுக்கு அரசுப் பள்ளியும் பாதிரியார் பள்ளியும்தான் இருந்தன. ஊர் நடத்துகிறபோது ஊருக்குள் யார் என்கிற கேள்வி வந்துவிடும். நீர்ப்பாய்ச்சி எந்தச் சாதி, திண்ணையில் உட்கார்ந்து கேட்டாரா, கீழே நின்று கேட்டாரா என்று பிசானம் மாமா சொல்லவில்லை பாருங்கள்.

பிசானம் · சனி, இரவு 11.10

கீழே நின்றுதான். துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு. சரியான இடத்தில் பிடித்தாய் அம்மா.

மட்டைமாவு · ஞாயிறு, காலை 7.00

வ.உ.சி.யை இன்னும் யாரும் இழுக்கவில்லையே என்று பார்த்தேன். தூத்துக்குடியில் 1906இல் சுதேசிக் கப்பல் கம்பெனி. வெள்ளைக்காரக் கம்பெனி என்ன செய்தது? கட்டணத்தைக் குறைத்தது, இலவசமாகக் கூட்டிப் போகிறேன் என்றது, ஏறினால் குடை இலவசம் என்றது. நம்ம ஆள் திவால். இதுதான் உங்கள் சுதந்திரச் சந்தை. கள்ளுக்கடை பற்றிக் கேட்டதற்கு இன்னும் பதில் வரவில்லை.

குறுக்குத்துறை · ஞாயிறு, காலை 7.40

குடையால் தோற்கவில்லை அண்ணே. 1908இல் அவரைப் பிடித்து இரட்டை ஆயுள் தண்டனை போட்டது யார்? போட்டிக் கம்பெனியா, சர்க்காரா? கலெக்டர், சப்-கலெக்டர் எல்லாம் எந்தக் கம்பெனி பக்கம் நின்றார்கள்? முதலாளியும் அரசாங்கமும் கைகோத்தால் அதைச் சந்தை என்று சொல்லாதீர்கள். அவரை வெளியில் விட்டிருந்தால் இன்னொரு கப்பல் வாங்கியிருப்பார்.

ஓய்வு வாத்தியார் · ஞாயிறு, காலை 8.15

குறுக்குத்துறை எழுதியதிலேயே உருப்படியான பதிவு இது. ஆனால் குடையை அப்படித் தள்ளிவிட முடியாது. ஆழமான பை உள்ளவன் நஷ்டத்துக்கு ஓட்டி அடுத்தவனைக் கரையேற விடாமல் செய்வது இன்றும் செயலியில் சாப்பாடு விற்கிறவர்கள்வரை நடக்கிறது. போட்டிக்காரன் ஒழிந்ததும் விலையை ஏற்றினால் புதியவன் வந்துவிடுவான், அதனால் அது நீடிக்காது என்பது சந்தைவாதிகளின் பதில். புதியவன் வருகிறவரை பழையவன் உயிரோடு இருக்க வேண்டுமே என்பது என் கவலை.

கடனாநதி · ஞாயிறு, பகல் 12.30

இரண்டு நாளாகப் படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். 'காவல், நீதிமன்றம், ராணுவம் மூன்று போதும்' என்று மேலே ஒரு வரி இருக்கிறது. அதை யாரும் தொடவில்லை.

1999 ஜூலை 23. மாஞ்சோலைத் தேயிலைத் தொழிலாளர்கள் கூலி கேட்டு ஊர்வலமாகக் கலெக்டர் ஆபீசுக்கு வந்தார்கள். திருநெல்வேலி கொக்கிரகுளத்தில் தடியடி. தாமிரபரணி ஆற்றில் விழுந்து செத்தவர்கள் 17 பேர். அன்று ஆற்றங்கரையில் நின்றது ரேஷன் கடை அரசாங்கம் இல்லை, பஸ் விடுகிற அரசாங்கம் இல்லை. நீங்கள் 'இது மட்டும் போதும்' என்று மிச்சம் வைக்கிற அந்த அரசாங்கம்தான்.

இன்னொன்று சொத்துரிமை. அந்த எஸ்டேட் நிலத்தை 1929இல் சிங்கம்பட்டி ஜமீன் பம்பாய் கம்பெனிக்கு 99 வருஷக் குத்தகைக்குக் கொடுத்தது. ஜமீனுக்கு அந்த மலை எப்படி வந்தது? யார் காட்டை யார் யாருக்கு எழுதினார்கள்? தேரிக்காட்டான் விளைக்குத் தாத்தா பட்டா இருக்கிறது, நல்லது. நாலு தலைமுறை கொழுந்து பறித்த எங்கள் சொந்தக்காரர்களுக்கு அங்கே ஒரு செண்டு கிடையாது. சொத்துரிமை புனிதம் என்று ஆரம்பிக்கிற பேச்சு எந்தத் தேதியிலிருந்து புனிதம் என்று மட்டும் சொல்வதில்லை.

தேரிக்காட்டான் · ஞாயிறு, மாலை 4.40

பகலில் பார்த்தேன். உடனே எழுத வரவில்லை.

'எந்தத் தேதியிலிருந்து' என்பதற்கு என்னிடம் பதில் இல்லை. நோஸிக் என்கிற அமெரிக்கத் தத்துவக்காரர், சொத்து முறையாக வந்திருந்தால்தான் முறையான சொத்து, முறை தவறி வந்ததைத் திருத்த வேண்டும் என்று 1974இலேயே ஒப்புக்கொண்டார். எப்படித் திருத்துவது என்பதை அவரும் முழுசாகச் சொல்லாமல் விட்டுவிட்டார்.

கொக்கிரகுளத்தைப் பற்றி: மூன்று போதும் என்று எழுதியது நானில்லை, குறுக்குத்துறை தம்பி. ஆனால் நானும் அதைத் தொடாமல் விட்டேன். 'எல்லைக்குட்பட்ட அரசு' என்று சொல்லிக்கொண்டு எங்கள் பேச்செல்லாம் வரியிலும் லைசென்சிலும்தான் நிற்கிறது. முதல் எல்லை தடிக்குத்தான் போட வேண்டும். பனையேறியிடம் உரிமம் கேட்டு வருகிறவர் கையிலும் அதே தடிதான் இருக்கிறது. இந்த இரண்டையும் சேர்த்துப் பார்க்காமல் இத்தனை நாள் படித்திருக்கிறேன்.

கடனாநதி · ஞாயிறு, மாலை 4.58

சரி அண்ணாச்சி. இந்த அளவுக்கு யாரும் ஒப்புக்கொண்டதில்லை.

தேரிக்காட்டான் · ஞாயிறு, மாலை 5.15

மட்டைமாவுக்கு: ஆமாம், கள்ளுக்கடை வேணும். கேரளாவில் கள் சட்டப்படி விற்கிறது. அங்கேயும் உரிமம்தான், முழுச் சுதந்திரம் ஒன்றுமில்லை. ஆனால் மரம் ஏறுகிறவர் குற்றவாளி இல்லை. 1969இலேயே கள்ளுத் தொழிலாளர் நல நிதிக்குச் சட்டம் போட்டார்கள். முக்கூடல் தங்கச்சிக்கும் அது பிடிக்கும்.

முக்கூடல்காரி · ஞாயிறு, மாலை 5.40

பிடிக்கும். ஆனால் பனை வெட்டத் தடை வேண்டாம் என்று நீங்கள் சொன்னதில் எனக்கு இன்னும் உடன்பாடில்லை. செங்கல் சூளைக்கு லாரி லாரியாகப் போனதை நான் பார்த்திருக்கிறேன்.

தேரிக்காட்டான் · ஞாயிறு, மாலை 6.05

ஏன் போனது? நிற்கிற மரத்தில் வருமானம் இல்லை, விறகுக்கு உடனே காசு. கறக்கிற பசுவை யாரும் அடிமாட்டுக்கு விற்பதில்லை. மரம் சம்பாதித்துக் கொடுத்தால் அதை வெட்ட விடாமல் நானே காவல் இருப்பேன், கலெக்டர் வேண்டாம்.

பிசானம் · ஞாயிறு, மாலை 6.20

கறவை வற்றினால் விற்கிறார்களே மாப்பிள்ளை. பனை பருவம் வருஷத்தில் ஐந்து, ஆறு மாதம்தானே.

மட்டைமாவு · ஞாயிறு, இரவு 7.10

எல்லாம் சரி, சந்தை தானாகச் சரிசெய்யும் என்கிறீர்களே, போன மாதம் நான் வாங்கிய கருப்பட்டியில் பாதி சீனிப்பாகு. ரோட்டோரக் கடை, 'அசல் பனங்கருப்பட்டி' என்று போர்டு. இதை யார் கேட்பது? உணவுப் பாதுகாப்பு ஆபீசர் வேண்டாமா?

தேரிக்காட்டான் · ஞாயிறு, இரவு 7.45

வேண்டும். ஏமாற்றுவதைத் தடுப்பது அரசின் வேலை என்பதில் எந்தச் சுதந்திரச் சந்தைக்காரனுக்கும் மறுப்பு இருக்காது. என் கடைக்கு உணவுப் பதிவு எடுத்தபோது கட்டணம் 100 ரூபாய். அந்த நூறைக் கட்ட மூன்று தடவை அலைந்தேன், கடைசியில் இடையில் ஒருவர் 1,500 வாங்கிக்கொண்டு ஒரே நாளில் முடித்தார். அதற்கப்புறம் இன்றுவரை யாரும் வந்து ஒரு துண்டு கருப்பட்டியைக் கடித்துப் பார்க்கவில்லை. என்னிடம் சான்றிதழ் இருக்கிறது. சீனி காய்ச்சுகிறவரிடமும் அதே சான்றிதழ் இருக்கும்.

மட்டைமாவு · ஞாயிறு, இரவு 7.52

அப்போ வாங்குகிறவன் என்னதான் செய்வது? உங்களிடம் கிலோ என்ன விலை?

தேரிக்காட்டான் · ஞாயிறு, இரவு 8.00

ரோட்டோரக் கடை விலையைப் போல ஒன்றேமுக்கால் மடங்கு. எட்டு, ஒன்பது லிட்டர் பதநீர் காய்ச்சினால்தான் ஒரு கிலோ வரும், விறகு வேறு.

மட்டைமாவு · ஞாயிறு, இரவு 8.04

நீங்கள் மட்டும் சீனி போடவில்லை என்று நான் எப்படி நம்புவது?

தேரிக்காட்டான் · ஞாயிறு, இரவு 8.09

நம்ப வேண்டாம். காலை எட்டு மணிக்கு அடுப்பு பற்ற வைப்போம். விடிலிக்கு வந்து நில்லுங்கள். பதநீர் ஊற்றுவதிலிருந்து சிரட்டையில் வார்க்கிறவரை கூடவே இருங்கள், மூன்று மணி நேரம் ஆகும், புகை கண்ணைக் கரிக்கும். குடிக்க ஒரு பட்டை பதநீர் தருகிறேன். சுண்ணாம்பு போட்டதுதான்.

மட்டைமாவு · ஞாயிறு, இரவு 8.11

வாரேன். இரண்டு கிலோ எடுத்து வையுங்க.